கூடைப்பந்து அணியின் ஆட்ட வேகமும் வீரர் மாற்றமும்

கூடைப்பந்தில் ஆட்ட வேகம் என்பது ஓர் அணி ஒரு முழு ஆட்டத்தில் எத்தனை முறை பந்தைத் தன் வசம் பெற்றுத் தாக்குதல் நடத்துகிறது என்பதைக் குறிக்கும் அளவு ஆகும். வீரர்கள் எவ்வளவு விரைவாக ஓடுகிறார்கள் என்பதை இது அளப்பதில்லை. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகமான என்.பி.ஏ.வில் ஒவ்வோர் ஆண்டும் வீரர்கள் அணி மாறுகின்றனர். ஒரே ஒரு வீரர் வந்தாலோ போனாலோ சில அணிகளின் ஆட்ட வேகம் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிடுகிறது. வேறு சில அணிகளில் பாதிப் பேர் மாறியும் வேகம் மாறுவதில்லை. இதற்கான காரணங்களை இக்கட்டுரை பீனிக்ஸ் சன்ஸ், ஹூஸ்டன் ராக்கெட்ஸ், ஓக்லஹோமா சிட்டி தண்டர் ஆகிய அணிகளைக் கொண்டு விளக்குகிறது.

ஆட்ட வேகத்தைக் கணக்கிடும் முறை

ஓர் அணி பந்தைப் பெற்றது முதல் அது எதிரணியிடம் போய்ச் சேரும் வரை உள்ள காலம் ஒரு 'வாய்ப்பு' எனக் கொள்ளப்படும். ஷாட் கூடையில் விழுந்தால் வாய்ப்பு முடிந்தது. ஷாட் தவறி எதிரணி பந்தைப் பிடித்தாலும் முடிந்தது. பந்தைப் பறிகொடுத்தாலும் முடிந்தது. ஆனால் ஷாட் தவறிய பின் தாக்கும் அணியே ரீபவுண்டு பிடித்துவிட்டால் அதே வாய்ப்பு தொடர்கிறது. புதிதாக ஒன்று சேர்வதில்லை.

ஆட்டக் குறிப்பேட்டில் வாய்ப்புகள் நேரடியாக எழுதப்படுவதில்லை. எனவே பின்வரும் முறையில் மதிப்பிடுகிறார்கள். எடுத்த ஷாட்டுகளின் எண்ணிக்கையுடன் பறிகொடுத்த பந்துகளைக் கூட்ட வேண்டும். ஃப்ரீ த்ரோக்களின் எண்ணிக்கையை 0.44 ஆல் பெருக்கி அதையும் கூட்ட வேண்டும். பின்னர் தாக்குதலின்போது பிடித்த ரீபவுண்டுகளைக் கழிக்க வேண்டும். ஃப்ரீ த்ரோக்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக வருவதால் பாதி என்று கொள்ளத் தோன்றும். கூடை விழுந்த பின் கிடைக்கும் ஒற்றை ஃப்ரீ த்ரோ, மூன்றாகக் கிடைப்பது போன்றவை இருப்பதால் பாதிக்குச் சற்றுக் குறைவான 0.44 வழக்கத்தில் உள்ளது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஓர் அணி 85 ஷாட்டுகள் எடுத்தது. 14 முறை பந்தைப் பறிகொடுத்தது. 25 ஃப்ரீ த்ரோக்கள் எறிந்தது. தாக்குதலில் 10 ரீபவுண்டுகள் பிடித்தது. 25 × 0.44 = 11. ஆகவே 85 + 14 + 11 − 10 = 100 வாய்ப்புகள். என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம் கொண்டது என்பதால், கூடுதல் நேரம் ஆடப்பட்டிருந்தால் அதை நீக்கி, 48 நிமிடத்துக்கு இத்தனை வாய்ப்பு என்று கூறுவது மரபு.

பந்து ஓர் அணியிடமிருந்து மற்றோர் அணிக்கு மாறி மாறிச் செல்வதால் ஒரே ஆட்டத்தில் இரு அணிகளுக்கும் ஏறத்தாழச் சமமான வாய்ப்புகளே கிடைக்கும். எனவே ஓர் அணியின் ஆட்ட வேகத்தில் பாதி அந்த அணி தாக்கும் விதத்தால் வருகிறது. மறுபாதி எதிரணியை அது எவ்வளவு நேரம் பந்தை வைத்திருக்க விடுகிறது என்பதால் வருகிறது.

24 வினாடி விதி

ஆட்ட வேகத்துக்கு ஒரு கீழ் எல்லையை வகுத்தது 24 வினாடிக் கடிகாரம் ஆகும். அதற்கு முன்பு முன்னிலையில் உள்ள அணி பந்தை விடாமல் வைத்துக்கொண்டே நேரத்தைக் கடத்த முடிந்தது. 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியை 19–18 என்ற கணக்கில் வென்றது இதன் உச்சம். சிராக்கியூஸ் நேஷனல்ஸ் அணியின் உரிமையாளர் டேனி பியசோன் ஓர் எளிய கணக்கு போட்டார். பார்க்க நன்றாக இருக்கும் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து சுமார் 120 ஷாட்டுகள் எடுக்கின்றன. 48 நிமிடம் என்பது 2,880 வினாடி. 2,880 ஐ 120 ஆல் வகுத்தால் 24. இவ்விதி 1954இல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் எந்த அணியும் 24 வினாடிக்கு மேல் ஷாட் எடுக்காமல் இருக்க முடியாது. அந்த 24இல் எத்தனை வினாடியைச் செலவிடுவது என்பதில்தான் அணிக்கு அணி வேறுபாடு எழுகிறது.

எந்த வீரர் மாறினால் வேகம் மாறும்

எல்லா வீரர்களும் ஆட்ட வேகத்தை ஒரே அளவில் பாதிப்பதில்லை. பாதிப்பு மிகுந்த இடங்கள் பின்வருமாறு.

பந்தை நடத்திச் செல்பவர்: பொதுவாகப் பாயிண்ட் கார்டு எனப்படுபவர். எதிரணி தடுப்பு வரிசையை அமைக்கும் முன்பே பந்தை முன்னே தள்ளுபவரா, நடுக்கோட்டைத் தாண்டி நின்று எல்லோரையும் இடம் பார்த்து நிறுத்திய பிறகே தொடங்குபவரா என்பதைப் பொறுத்து ஒவ்வொரு வாய்ப்பிலும் பல வினாடிகள் வேறுபடும்.

ரீபவுண்டு பிடிப்பவர்: பிடித்த உடனே முதல் பாஸை முன்னோக்கி வீசுபவர் வேகத்தைக் கூட்டுகிறார். பந்தை நடத்திச் செல்பவரே ரீபவுண்டையும் பிடித்தால் அந்த முதல் பாஸுக்கான நேரமும் மிச்சமாகிறது.

சென்டர்: கூடையின் அருகே முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்கி ஆடும் சென்டர் இருந்தால், அவர் வந்து சேரும் வரையும் பந்து அவர் கைக்குப் போகும் வரையும் மற்ற நால்வரும் காத்திருக்க வேண்டும். மற்றவர்களுடன் சேர்ந்து ஓடும் சென்டர் இருந்தால் காத்திருப்பு இல்லை.

தடுப்பு ஆட்டக்காரர்: நல்ல தடுப்பு எதிரணியை 24 வினாடியின் கடைசி வரை தள்ளுகிறது. எனவே தடுப்பில் வல்லவர் ஒருவர் வந்தால் அணியின் ஆட்ட வேக எண் குறையவும் கூடும். பாஸ்களின் குறுக்கே பாய்ந்து பந்தைப் பறிப்பவர் வந்தால் அதே எண் கூடும்.

மாற்று வீரர்கள்: வேகமாக ஆடும் அணிக்கு இளைப்பாற மாற்று ஆள் தேவை. அவர்கள் இல்லாவிட்டால் பருவத்தின் பிற்பகுதியில் கால்கள் தளர்ந்து வேகம் தானாகவே இறங்கும்.

பீனிக்ஸ் சன்ஸ், 2004: ஒரு வீரரின் வருகை

2003 டிசம்பரில் மைக் டான்டோனி பீனிக்ஸ் சன்ஸ் அணியின் பயிற்சியாளரானார். 2004 ஜனவரியில் பாயிண்ட் கார்டு ஸ்டெஃபான் மார்பரி நியூயார்க் நிக்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். டான்டோனியின் கீழ் அந்தப் பருவத்தில் அணி 21 ஆட்டங்களில் வென்று 40 ஆட்டங்களில் தோற்றது. வேகமாக ஆட வேண்டும் என்ற எண்ணம் பயிற்சியாளருக்கு அப்போதே இருந்தது. அதை நடத்திக் காட்ட ஆள் இல்லை.

2004 கோடையில் டாலஸ் மேவரிக்ஸ் அணியில் ஒப்பந்தம் முடிந்த ஸ்டீவ் நாஷ் பீனிக்ஸுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 30. அதே கோடையில் குவென்டின் ரிச்சர்ட்சனும் வந்தார். 2.01 மீட்டர் உயரமுள்ள ஷான் மேரியன் பவர் ஃபார்வர்டாகவும், 2.08 மீட்டர் உயரமுள்ள அமாரே ஸ்டவுடமையர் சென்டராகவும் ஆடினர். வழக்கமாக அவர்களைவிட உயரமும் பருமனும் மிக்கவர்கள் நிற்கும் இடங்கள் அவை. இதனால் ஐவருமே ஓடக்கூடியவர்களாக இருந்தனர். முதல் ஏழு வினாடிக்குள் ஷாட் எடுத்துவிடுவது என்பது இவ்வணியின் அடையாளமாகப் பேசப்பட்டது.

2004–05 பருவத்தில் அணி 62 வெற்றி, 20 தோல்வி பெற்றது. 48 நிமிடத்துக்குச் சுமார் 96 வாய்ப்புகளுடன் ஆட்ட வேகத்தில் 30 அணிகளிலும் முதலிடம் பெற்றது. அப்பருவத்தின் சராசரி சுமார் 91. நாஷ் சிறந்த வீரருக்கான விருதைப் பெற்றார்; அடுத்த பருவத்திலும் பெற்றார்.

பீனிக்ஸ் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 110.4 புள்ளிகள் எடுத்தது. மற்ற அணிகளையும் சேர்த்த சராசரி 97.2. இடைவெளி 13 புள்ளி. இது முழுவதும் வேகத்தால் வந்ததா? ஒரு சராசரி அணி ஒரு வாய்ப்பில் சுமார் 1.06 புள்ளி எடுத்தது. பீனிக்ஸுக்குக் கூடுதலாகக் கிடைத்த 5 வாய்ப்புகளின் மதிப்பு 5 புள்ளியைச் சற்றே தாண்டும். மீதி 8 புள்ளியும் ஒவ்வொரு வாய்ப்பையும் மற்றவர்களைவிடச் சிறப்பாகப் பயன்படுத்தியதால் வந்தவை. ஆகவே நாஷ் கொண்டுவந்ததில் வேகம் சிறு பங்கு. எதிரணி தயாராகும் முன்பே கிடைத்த நல்ல ஷாட்டுகள் பெரும் பங்கு.

இதே கணக்கு தடுப்புக்கும் பொருந்தும். பீனிக்ஸ் ஆட்டத்துக்கு 103 புள்ளிகளுக்கு மேல் விட்டுக்கொடுத்ததால் அதற்குத் தடுப்பே தெரியாது என்று பலர் கூறினர். வாய்ப்புக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் அவ்வணியின் தடுப்பு 30 அணிகளில் நடுவரிசையில் இருந்தது.

ஆள் மாறியும் வேகம் மாறாத பருவம்

2005 கோடையில் ஜோ ஜான்சன் அட்லான்டா ஹாக்ஸ் அணிக்குச் சென்றார். குவென்டின் ரிச்சர்ட்சன் நியூயார்க்குக்குச் சென்றார். அக்டோபரில் ஸ்டவுடமையருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. அவர் 2005–06 பருவத்தில் மூன்று ஆட்டங்களே ஆடினார். முந்தைய ஆண்டு ஆட்டத்தைத் தொடங்கிய ஐவரில் மூவர் இல்லை.

ஆயினும் பீனிக்ஸ் 54 ஆட்டங்களில் வென்றது. ஆட்டத்துக்கு 108.4 புள்ளிகளுடன் புள்ளிப் பட்டியலிலும் முதலிடம் பெற்றது. பந்தை நடத்திய நாஷ், ரீபவுண்டு பிடித்து ஓடிய மேரியன், பயிற்சியாளர் டான்டோனி ஆகிய மூவரும் அப்படியே இருந்தனர். அட்லான்டாவிலிருந்து வந்த போரிஸ் டியாவ், கூடையருகே காத்து நிற்காமல் பாஸ் கொடுத்து ஆடும் சென்டராக அமைந்தார். எத்தனை பேர் மாறினார்கள் என்பதைவிட எந்த இடத்தில் மாறினார்கள் என்பதே முக்கியம் என்பதற்கு இப்பருவம் நல்ல சான்று.

பீனிக்ஸ் சன்ஸ், 2008: எதிர்த்திசை மாற்றம்

இத்தனை வெற்றி பெற்றும் பீனிக்ஸால் இறுதிப் போட்டியை எட்ட முடியவில்லை. 2005இலும் 2007இலும் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியிடம் அது வெளியேறியது. கூடையருகே டிம் டங்கனை நிறுத்த ஆள் இல்லை என்பது தொடர்ந்து எழுந்த குறை. 2008 பிப்ரவரித் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணி பாவ் கசோலைப் பெற்றது. சில நாட்களில், பிப்ரவரி 6 அன்று, பீனிக்ஸ் ஷான் மேரியனையும் மார்கஸ் பேங்க்ஸையும் மியாமி ஹீட் அணிக்குக் கொடுத்து ஷகீல் ஓ'நீலைப் பெற்றது.

ஓ'நீல் நான்கு முறை பட்டம் வென்றவர். 2.16 மீட்டர் உயரம். அப்போது வயது 35. அவர் வரவால் அணிக்குக் கூடையருகே வலிமை கிடைத்தது. போனது என்ன என்று பார்த்தால், ரீபவுண்டைப் பிடித்துவிட்டு அடுத்த நொடியே மறுமுனைக்கு ஓடும் மேரியன் போனார். ஸ்டவுடமையர் சென்டர் இடத்தை விட்டு நகர்ந்தார். ஒரே மாற்றத்தில் மேலே கூறிய பட்டியலின் இரண்டு இடங்கள், ரீபவுண்டு பிடிப்பவர், சென்டர் ஆகிய இரண்டும், வேறு தன்மைக்கு மாறின.

பருவ முடிவில் 55 வெற்றிகள். ஆனால் முதல் சுற்றிலேயே அதே சான் அன்டோனியோவிடம் 4–1 எனத் தோற்றது. எந்த அணியை வெல்ல இந்த மாற்றம் செய்யப்பட்டதோ அந்த அணியிடமே தோல்வி. மே மாதம் டான்டோனி நியூயார்க்குக்குச் சென்றுவிட்டார்.

பயிற்சியாளரின் பங்கு

அடுத்துப் பொறுப்பேற்ற டெர்ரி போர்ட்டர் தடுப்புக்கு முதன்மை தந்து, நிதானமாக அமைத்து ஆடும் முறையைக் கொண்டுவர முயன்றார். 28 வெற்றி, 23 தோல்வி என்ற நிலையில் 2009 பிப்ரவரியில் அவர் நீக்கப்பட்டார். டான்டோனியிடம் துணைப் பயிற்சியாளராக இருந்த ஆல்வின் ஜென்ட்ரி பொறுப்பேற்றார். அடுத்த மூன்று ஆட்டங்களில் பீனிக்ஸ் 140, 142, 140 எனப் புள்ளிகள் குவித்தது. அந்த வாரத்தில் வீரர்கள் யாரும் புதிதாக வரவில்லை. எப்படி ஆடலாம் என்ற அனுமதி மட்டுமே மாறியது.

ஆனாலும் அப்பருவத்தில் பீனிக்ஸ் 46 வெற்றிகளுடன் இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறாமல் போனது. ஓ'நீல் மோசமாக ஆடினார் என்று சொல்ல முடியாது; அவர் அவ்வாண்டு கழகத்தின் சிறந்த வீரர்களைக் கொண்ட மூன்றாம் அணியில் இடம்பெற்றார். நல்ல வீரர்தான், அவர் சேர்ந்த அணியின் நடை வேறு.

2009 கோடையில் ஓ'நீல் கிளீவ்லாந்துக்குச் சென்றார். தொலைவிலிருந்து மூன்று புள்ளி எறியக்கூடிய உயரமான வீரர் சானிங் ஃப்ரை வந்தார். 2009–10இல் ஜென்ட்ரியின் அணி 54 ஆட்டங்களில் வென்று, இரண்டாம் சுற்றில் சான் அன்டோனியோவை 4–0 என வீழ்த்தியது. மேற்குப் பிரிவு இறுதியில் லேக்கர்ஸிடம் 4–2 எனத் தோற்றது.

ஹூஸ்டனும் ஓக்லஹோமாவும்: இடம் மாறிய இருவர்

வேகத்தைப் பயிற்சியாளர் மட்டும் முடிவு செய்வதில்லை என்பதற்கும் டான்டோனியே சான்று. 2016இல் அவர் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்கு வந்தார். முதல் பருவத்தில் அணி மிக வேகமான அணிகளுள் ஒன்றாக இருந்தது. 2017இல் பாயிண்ட் கார்டு கிறிஸ் பால் வந்தார். ஜேம்ஸ் ஹார்டனும் பாலும் தமக்கு எதிரே நிற்பவரை அளந்து பார்த்து, தனித்து மோதும் முறையில் ஆடினர். ஆட்ட வேகம் நடுவரிசைக்கு இறங்கியது. 2018–19இல் ஹூஸ்டன் மிக மெதுவான அணிகளுள் ஒன்றானது. வேகத்துக்குப் பேர்போன அதே பயிற்சியாளர்தான். அந்த அணி 2017–18இல் 65 ஆட்டங்களில் வென்றது.

2019 ஜூலையில் ஹூஸ்டன் கிறிஸ் பாலைக் கொடுத்து ஓக்லஹோமா சிட்டி தண்டரிலிருந்து ரசல் வெஸ்ட்புரூக்கைப் பெற்றது. வெஸ்ட்புரூக் தானே ரீபவுண்டைப் பிடித்துத் தானே ஓடுபவர். 2019–20இல் ஹூஸ்டன் மீண்டும் வேகத்தில் முன்வரிசைக்கு வந்தது. மறுபுறம் பால் சென்ற ஓக்லஹோமா மெதுவானது. அங்கும் பயிற்சியாளர் பில்லி டொனவன் மாறவில்லை. இரு அணிகளும் இரு வேறு நடையில் ஆடி, 44 வெற்றி, 28 தோல்வி என ஒரே கணக்கில் முடித்தன. முதல் சுற்றில் இரண்டும் மோதின. ஏழாவது ஆட்டம் வரை சென்று ஹூஸ்டன் 4–3 என வென்றது. வேகம் என்பது திறமையின் அளவு அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

ஒரு வீரரின் வருகையால் வேகம் மாறியதா என்று ஆராய்பவர்கள் சில தவறுகளைத் தவிர்க்க வேண்டும்.

முதலாவது, வெவ்வேறு காலத்து எண்களை நேராக ஒப்பிடக் கூடாது. 2004–05இல் 96 வாய்ப்பு என்பது முதலிடம். கழகச் சராசரி சுமார் 100 ஆக இருந்த 2019–20இல் அதே எண் மெதுவான அணிகளுள் ஒன்றாக வைக்கும். அந்தந்தப் பருவத்தின் சராசரியோடு ஒப்பிடுவதே முறை.

இரண்டாவது, மொத்தப் புள்ளிகளைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. 2004–05 கணக்கில் கண்டபடி, வேகத்தின் பங்கைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது, பருவத்தின் நடுவே ஒருவர் வந்தால் முதல் ஐந்தாறு ஆட்டங்களை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. எதிரணியும் வேகத்தில் பாதியைத் தீர்மானிப்பதால், தொடர்ந்து சில வேகமான அணிகளோடு ஆடினாலே எண் உயர்ந்துவிடும்.

நான்காவது, வந்தவரைப் பார்ப்பது போலவே போனவரையும் பார்க்க வேண்டும். 2008இல் பலரும் ஓ'நீல் எவ்வளவு தூரம் ஓடுவார் என்று கேட்டனர். மேரியன் ஓடிய ஓட்டத்தை இனி யார் ஓடுவார் என்பதும் அதே அளவு முக்கியமான கேள்வி.

தொகுத்துக் கூறினால், பந்தை முதலில் தொடுபவர், அதை முன்னே கொண்டு செல்பவர், மறுமுனையில் காத்திருக்க வைப்பவர் ஆகிய இடங்களில் ஆள் மாறும்போது ஆட்ட வேகம் மாறுகிறது. பயிற்சியாளர் அதைத் தூண்டவோ தடுக்கவோ முடியும். வேகமான அணிகளும் வென்றுள்ளன. மெதுவான அணிகளும் வென்றுள்ளன. தன்னிடம் உள்ளவர்களின் நடைக்கு ஏற்ற வேகத்தில் ஆடும் அணிக்கே அந்த வேகம் பயன் தருகிறது.